இரு தட்டும் ஒரு வீடும்: ஆவணக் காப்பில் ஆடித் தட்டுகளின் பயனும் எல்லையும்

மலையகத் தமிழரின் வரலாறு கடதாசியோடு பிணைந்த வரலாறாகும். கண்டிச் சீமையின் காடுகள் கோப்பித் தோட்டங்களாகவும் பின்னர் தேயிலைத் தோட்டங்களாகவும் மாற்றப்பட்ட காலந்தொட்டு, தொழிலாளியின் வாழ்வை நிர்ணயித்தவை அவர் கையில் இருந்த, அல்லது இல்லாதுபோன, சிறு தாள்களே. 1921இல் ஒழிக்கப்படும் வரை நிலவிய துண்டு முறையின்கீழ், கடன் தொகையைக் குறித்த ஒரு துண்டுக் கடதாசி இன்றித் தொழிலாளி தோட்டம் மாற முடியாதிருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களின் பெரும்பான்மையோரை நாடற்றோராக்கிற்று. அடுத்த ஆண்டில் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம், 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன்னர் மணமானோர் 7 ஆண்டுகளும் மணமாகாதோர் 10 ஆண்டுகளும் இந்நாட்டில் இடையறாது வதிந்தமையை நிறுவுமாறு கேட்டது. விண்ணப்பிக்க அளிக்கப்பட்ட காலம் 2 ஆண்டுகள். பிறப்பைப் பதியாத, செக்ரோலில் மட்டும் பெயர் காணப்பட்ட, எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒரு மக்கட்கூட்டத்திடம் சட்டம் கேட்டது எழுத்திலான சான்றினையே.

பின்னர் 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974ஆம் ஆண்டு உடன்பாட்டினால் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் நிரந்தரமாக இங்கு வதிந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் குடியுரிமை வழங்கியது. அப்பொழுதும், அந்தத் திகதியில் ஒருவர் இங்கிருந்தார் என்பதற்குக் கையிலிருந்த பழைய தாளே துணையாயிற்று.

அத்தகைய தாள்கள் இன்றும் லயக் காம்பிராக்களில் தகரப் பெட்டிகளிலும் பொலித்தீன் பைகளிலும் கிடக்கின்றன. ஈரமும் கறையானும் அவற்றைத் தின்னுகின்றன. அவற்றைப் படியெடுத்து எண்ணிம வடிவில் வைக்கும் வசதி இன்று ஓர் ஆசிரியர் வீட்டிலோ, தொழிற்சங்கக் கிளையிலோ, வாசிகசாலையிலோ ஏற்படுத்தக்கூடியதாகிவிட்டது. எனின், படியெடுத்தபின் அவற்றை எங்கே, எவ்வாறு வைப்பது? ஒரு கணினியின் ஒரேயொரு வன்தட்டில் வைத்தால், தகரப் பெட்டிக்குப் பதிலாக இன்னொரு பெட்டியைத் தேடிக்கொண்டவர்களாவோம். இதற்கு இன்று பலராலும் கூறப்படும் விடை, வீட்டுச் சேவையகம் ஒன்றில் இரண்டு தட்டுகளை ஆடிப் பிம்பம்போல் இணைத்து வைத்தல் என்பதாகும். இவ்வமைப்பு இயங்கும் விதத்தையும், அதனை அமைக்கும் முறையையும், அது காப்பது எது, காவாதது எது என்பதனையும் விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில், பன்விலையை அடுத்துத் தேயிலை சூழ்ந்துள்ள மடுல்கெல்லயில் ஒரு வீட்டை எமது எடுத்துக்காட்டின் களமாகக் கொள்வோம்.

1. ஆடி என்னும் கருத்து

வன்தட்டு என்பது நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழலும் காந்தப் பூச்சுடைய வட்டுகளையும், அவற்றின் மேற்பரப்பைத் தொடாமல் மிக நெருங்கி மிதக்கும் எழுதுமுனைகளையும் கொண்ட ஒரு பொறியாகும். சுழலும் பொறிகள் யாவும் தேயும். எந்தத் தட்டும் ஒரு நாள் இறக்கும் என்பது ஐயத்துக்கு இடமற்றது. எந்த நாளில் என்பதே தெரியாதது.

1988இல் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், றன்டி காற்ஸ் ஆகிய மூவரும் ஓர் ஆய்வுரையை வெளியிட்டனர். அக்காலத்துப் பெருங்கணினிகளில் விலைமிக்க தனிப் பெருந்தட்டுகள் பயன்பட்டன. அவற்றுக்குப் பதிலாக, மலிவான சிறு தட்டுகள் பலவற்றை ஒன்றுசேர்த்து, அவற்றுள் ஒன்று இறந்தாலும் தரவு இறவாதபடி மிகைப்படிகளை வைத்துக்கொள்ளலாம் என்பது அவர்களது வாதமாகும். இத்தகைய தட்டணிக்கு அவர்கள் இட்ட பெயரின் முதலெழுத்துகளே இன்று ‘றெயிட்’ என வழங்குகின்றன. அணிகளை அவர்கள் ஐந்து நிலைகளாக வகுத்தனர். அவற்றுள் நிலை 1 என்பது, அதற்கு முன்னரே கையாளப்பட்டுவந்த, ஆடி முறையாகும்.

ஆடி முறையில் இரு தட்டுகள் உள்ளன. எழுதப்படும் ஒவ்வொரு செய்தியும் இரண்டிலும் எழுதப்படுகின்றது. வாசிக்கும்போது எதிலிருந்தும் வாசிக்கலாம். ஒன்று இறந்தால் மற்றது தனித்து நின்று பணியைத் தொடரும். இரண்டு 4 டெராபைற்றுத் தட்டுகளை இணைத்தால் பயன்படக்கூடிய கொள்ளளவு 8 அன்று, 4 மட்டுமே. இரண்டும் வேறுபட்ட அளவினவாயின் சிறியதன் அளவே கணக்காகும். பாதி இடத்தை இழந்து, ஓர் இறப்பைத் தாங்கும் வலிமையைப் பெறுகின்றோம்.

4 டெராபைற்று எமது தேவைக்குப் போதுமா என ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏ4 அளவுத் தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் வண்ணத்தில், சுருக்காமல் படியெடுத்தால் ஏறத்தாழ 26 மெகாபைற்று வரும். ஒரு குடும்பத்துக்கு 40 தாள்கள் எனக் கொண்டால், 100 குடும்பங்களின் 4,000 தாள்கள் 104 கிகாபைற்றுக்குள் அடங்கிவிடும். முதியோரின் வாய்மொழிப் பதிவுகளும், பழைய புகைப்படங்களும், சங்கக் கூட்டக் குறிப்பேடுகளும் சேர்ந்தாலும் இடம் எஞ்சும்.

2. மென்பொருள் வழியின் சிறப்பு

ஆடி அணியை இரு வழிகளில் அமைக்கலாம். ஒன்று, அதற்கெனச் செய்யப்பட்ட மின்சுற்று அட்டையைக் கணினியில் பொருத்துவது. மற்றது, கணினியை இயக்கும் முறைமையே அப்பணியைச் செய்வது; இதுவே மென்பொருள் றெயிட் எனப்படும். லினக்ஸ் முறைமையின் மையப்பகுதியில் இவ்வசதி நீண்டகாலமாகவே உள்ளது. அதனை ஆள்வதற்கு எம்.டி.ஏ.டி.எம். என்னும் இலவசக் கருவி நிரல் பயன்படுகின்றது.

மடுல்கெல்ல போன்ற ஓர் ஊரில் மென்பொருள் வழியே உகந்தது என்பது எமது கருத்து. அட்டை வழியில் தட்டுகளின் உள்ளமைப்பு அந்த அட்டையைச் சார்ந்ததாகலாம். அட்டை பழுதானால் அதே வகை அட்டையைத் தேடிக் கண்டிக்கும் கொழும்புக்கும் அலைய நேரும். அவ்வகை சந்தையிலிருந்து மறைந்தும் போயிருக்கலாம். மென்பொருள் வழியில் அணியின் விவரம் தட்டுகளிலேயே எழுதப்பட்டுள்ளது. சேவையகம் முற்றாகப் பழுதடைந்தாலும், எஞ்சிய ஒரு தட்டைக் கழற்றி லினக்ஸ் இயங்கும் வேறெந்தக் கணினியிலும் பொருத்தித் தரவை மீட்கலாம். ஆடி முறைக்கு வேண்டிய கணிப்புவலு மிகச் சிறிது. பத்தாண்டு பழைய மேசைக்கணினியும் இதனைத் தாங்கும். செலவு இரண்டு தட்டுகளுக்கும் ஒரு யூ.பி.எஸ். கருவிக்குமே ஆகும்.

3. அமைக்கும் முறை

முதலாவது, தட்டுகளைத் தெரிவுசெய்தல். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய, ஒரே உற்பத்தித் தொகுதியைச் சேர்ந்த இரு தட்டுகள் ஒரே குறைபாட்டைக் கொண்டிருக்கலாம். ஒரே அளவு உழைப்பின்பின் அடுத்தடுத்து இறக்கலாம். ஆகவே இரண்டையும் வெவ்வேறு நிறுவனத்தாருடையனவாக அல்லது வெவ்வேறு காலத்தில் செய்யப்பட்டனவாக வாங்குதல் நன்று. கூரை ஓடுகளைப்போல் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பதியும் வகைத் தட்டுகள் விலை குறைந்தவை. ஆனால் முழுத் தட்டையும் மீள எழுதவேண்டி வரும்போது அவை மிக மெதுவாகும். ஆதலால் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

இரண்டாவது, பெயரிடல். தட்டு ஒவ்வொன்றுக்கும் அதன் உற்பத்தியாளர் இட்ட தொடரிலக்கம் உண்டு. அதன் இறுதி நான்கு எழுத்துகளைப் பெரிதாக எழுதித் தட்டின் வெளியே தெரியும் பக்கத்தில் ஒட்டிவிட வேண்டும். கணினி தானாகத் தட்டுகளுக்கு வழங்கும் பெயர்கள் நிலையானவையல்ல. இன்று முதலாவதாக நிற்பது மறுமுறை இயக்கும்போது இரண்டாவதாகலாம். பழுதடைந்த தட்டைக் கழற்றுவதாக எண்ணி நல்ல தட்டைக் கழற்றிவிடும் விபத்து இதனாலேயே நேர்கின்றது. ஒரு சிறு ஒட்டுத்தாள் அதனைத் தடுக்கும்.

மூன்றாவது, பகுதி பிரித்தல். ஒவ்வொரு தட்டிலும் ஒரு பகுதியை ஏற்படுத்தி, அதன் அளவைத் தட்டின் முழு அளவிலும் நூறு அல்லது இருநூறு மெகாபைற்றுக் குறைவாக வைக்க வேண்டும். 4 டெராபைற்று என ஒரே பெயரில் விற்கப்படும் இரு நிறுவனத் தட்டுகள் உண்மையில் சிறிது வேறுபடலாம். பிற்காலத்தில் வாங்கும் மாற்றுத்தட்டு ஓரணுவளவு சிறிதாயினும் அணி அதனை ஏற்காது. இன்று விட்டுவைக்கும் சிறு இடைவெளி அன்றைய அலைச்சலைத் தவிர்க்கும்.

நான்காவது, அணியை உருவாக்கல். மேற்கூறிய கருவி நிரலுக்கு மூன்று செய்திகளைத் தெரிவிக்கின்றோம்: அணியின் நிலை 1, தட்டுகளின் எண்ணிக்கை 2, சேரவேண்டிய பகுதிகள் இன்னவை. இக்கட்டளை அத்தட்டுகளில் முன்பிருந்தவற்றை அழித்துவிடும். எனவே அவை வெறுமையானவை என்பதை உறுதிசெய்தபின்னரே கட்டளையிட வேண்டும். உடனே முதல் ஒத்திசைவு தொடங்கும். நொடிக்கு 150 மெகாபைற்று வேகத்தில் 4 டெராபைற்றுத் தட்டு முழுவதையும் எழுதி முடிக்க ஏறத்தாழ ஏழரை மணித்தியாலம் ஆகும். அதற்கிடையிலும் அணியைப் பயன்படுத்தலாம். ஆயினும் முடியும்வரை காத்திருத்தல் நன்று. பின்னர் இரு தட்டும் சேர்ந்து ஒரு தட்டாகத் தோன்றும் அவ்வணியின்மீது கோப்பு முறைமை ஒன்றை அமைத்துக் கோப்புகளை வைக்கத் தொடங்கலாம்.

ஐந்தாவது, அமைப்பைப் பதிந்து வைத்தல். அணியின் அடையாள எண்ணைக் கருவி நிரலின் அமைப்புக் கோப்பில் எழுதி, இயக்கத் தொடக்கத்தில் ஏற்றப்படும் தொகுதியையும் புதுப்பிக்க வேண்டும். இதனைச் செய்யாது விட்டால், மறுமுறை இயக்கும்போது அணி வேறொரு பெயரில் தோன்றி, ‘அணியைக் காணவில்லை’ என்ற கலக்கத்தை உண்டாக்கும். இதே விவரங்களை ஒரு கடதாசியிலும் எழுதிச் சேவையகத்தின் அருகே வைக்க வேண்டும். வீட்டில் கணினி தெரிந்த ஒருவர் வெளியூர் சென்றிருக்கும் நாளில் அக்கடதாசியே வழிகாட்டும்.

ஆறாவது, மின்சாரம். மலையகத்தில் இடியும் மின்தடையும் புதியனவல்ல. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு அறிவிக்கப்பட்டதையும் நாம் மறந்துவிடவில்லை. எழுதிக்கொண்டிருக்கும் கணத்தில் மின்சாரம் நின்றால், ஒரு தட்டில் எழுதப்பட்டது மற்றதில் எழுதப்படாமல் நிற்கக்கூடும். அணியில் ஒரு குறிப்பேட்டு வசதி உண்டு. எந்தெந்தப் பகுதிகளில் எழுத்து நடைபெறுகின்றது என்பதை அது முன்கூட்டிக் குறித்துவைக்கும். மின்சாரம் மீண்டதும் முழுத் தட்டையும் ஒப்பிடாமல், குறிக்கப்பட்ட பகுதிகளை மட்டும் சரிசெய்தால் போதுமாகும். யூ.பி.எஸ். கருவி சில நிமிடங்கள் தாங்கி, சேவையகத்தை ஒழுங்காக நிறுத்த அவகாசம் தரும்.

4. ஓசையற்ற இறப்பு

ஆடி அணியின் பெரும் பலமே அதன் பெரும் ஆபத்துமாகும். ஒரு தட்டு இறந்தபின்னும் சேவையகம் எவ்வித மாற்றமுமின்றி இயங்கும். கோப்புகள் திறக்கும், புதியன சேரும். எவரும் பார்க்காவிட்டால் எவருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்து மற்றத் தட்டும் இறக்கும்போதே, அணி அதுகாறும் ஒற்றைக்காலில் நின்றது என்பது தெரியவரும்.

லினக்ஸ் முறைமை அணியின் நிலையை ஒரு கோப்பில் எப்பொழுதும் எழுதிக்கொண்டிருக்கின்றது. இரு தட்டும் நலமாயின் சதுர அடைப்புக்குள் ‘யூ’ என்னும் ஆங்கில எழுத்து இருமுறை காணப்படும். ஒன்று விலகினால் அவ்விடத்தில் ஒரு கீழ்க்கோடு நிற்கும். கருவி நிரலே இதனைக் கண்காணித்து மின்னஞ்சல் அனுப்பவும் வல்லது. ஆனால் அம்மின்னஞ்சல் உண்மையில் வந்து சேர்கின்றதா எனச் சோதனைச் செய்தி ஒன்றை அனுப்பிப் பார்த்தல் வேண்டும். அதற்கும் மேலாக, வாரம் ஒருமுறை அந்த ஒரு வரியைப் பார்த்துக் குறிப்பேட்டில் திகதியிட்டு ஒப்பமிடும் பொறுப்பை ஒருவருக்கு வழங்குதல் வேண்டும். பாடசாலை மாணவர் ஒருவரும் இதனைச் செய்யலாம். தானியங்கும் கருவி மனிதப் பொறுப்பை நீக்கிவிடுவதில்லை. அதன் இடத்தை மட்டும் மாற்றுகின்றது.

தட்டு இறந்துவிட்டால் செய்யவேண்டியன நான்கு. தொடரிலக்கத்தைப் பார்த்து எந்தத் தட்டு என உறுதிசெய்தல். அதனைப் பழுதானதெனக் குறித்து அணியிலிருந்து விலக்குதல். புதிய தட்டைப் பொருத்தி அதே அளவில் பகுதி பிரித்தல். அதனை அணியில் சேர்த்தல். அதன்பின் மீளெழுத்து தானாக நடைபெறும். அந்த ஏழெட்டு மணித்தியாலமும் எஞ்சிய தட்டு முதல் முனையிலிருந்து கடைசி முனை வரை வாசிக்கப்படுகின்றது. நீண்டகாலம் தொடப்படாத ஒரு மூலையில் வாசிக்க இயலாத பழுது இருந்தால் அது அப்பொழுதே வெளிப்படும். அதற்கு மறுபடி இல்லாத வேளையும் அதுவே. ஆகவே மாதம் ஒருமுறை இரு தட்டையும் முழுதாக வாசித்து ஒப்பிடும் சோதனையை ஒழுங்காக நடத்த வேண்டும். அச்சோதனையில் ஒரு தட்டின் ஓரிடம் வாசிக்கப்படாவிட்டால், மற்றதிலிருந்து எடுத்து அவ்விடத்தில் மீள எழுதப்படும்.

உண்மையான ஆவணங்களை வைப்பதற்கு முன்னரே, வெற்றுக் கோப்புகளை வைத்து ஒரு தட்டை வேண்டுமென்றே விலக்கி மீளச் சேர்த்துப் பழகுதல் மிக அவசியம். முதன்முறையாக இதனைச் செய்யும் நாள், தட்டு உண்மையில் இறந்த நாளாக இருத்தல் கூடாது.

5. ஆடி அறியாதவை

இதுவரை கூறியவை ஆடி அணி செய்யவல்லவை. இனி அது செய்யமாட்டாதவற்றைக் காண்போம்.

முதலாவது, அழித்தல். ஒருவர் தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால், அது இரு தட்டுகளிலும் அதே கணத்தில் அழிகின்றது. கணினி நச்சுநிரல் ஒன்று கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டால், இரு தட்டிலும் பூட்டு விழும். ஆடி தன் முன்னால் நிற்பதைக் காட்டும். நேற்று நின்றதைக் காட்டாது.

இரண்டாவது, பிழை. மாதாந்தச் சோதனையில் இரு தட்டுகளும் ஓரிடத்தில் வேறுபடுகின்றன எனக் கொள்வோம். இரண்டும் பழுதின்றி வாசிக்கப்படுகின்றன. ஆனால் ஒன்றில் உள்ளது மற்றதில் இல்லை. எது சரி? அணிக்குத் தெரியாது. சரிசெய்யுமாறு பணித்தால், ஒன்றன் உள்ளடக்கத்தை மற்றதன்மேல் எழுதி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். பிழையானதே நிலைத்துவிடவும் கூடும்.

இச்சிக்கல் தமிழ் பயின்றோருக்குப் புதியதன்று. 1887இல் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும், அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் அச்சேற்றியபோது, அவர்கள் முன் கிடந்தது இப்பாடபேதச் சிக்கலே. இரு ஏடுகள் ஓரிடத்தில் முரண்பட்டால் அவ்விரண்டை மட்டும் வைத்து எது மூலபாடம் என முடிவுசெய்தல் அரிது. ஆதலாலேயே பதிப்பாசிரியர்கள் மூன்றாவது, நான்காவது ஏட்டைத் தேடி ஊரூராகச் சென்றனர். ஏட்டுக்கு வெளியே நிற்கும் சான்றுகளையும் நாடினர். உரையாசிரியர் கொண்ட பாடம் ஒரு சான்று. யாப்பு இன்னொரு சான்று: வெண்பாவில் தளை தட்டினால், அவ்விடத்தில் ஏடெழுதினோன் கை தவறியிருக்கலாம் என்ற ஐயம் எழுகின்றது. சொல்லை மனனம் செய்யாதவரும் ஓசை கெட்டதை உணர்வர்.

எண்ணிமக் கோப்புக்கும் அத்தகைய புறச்சான்று ஒன்றை ஏற்படுத்தலாம். ஒரு கோப்பின் எல்லாப் பைற்றுகளையும் குறித்ததொரு கணித முறையினூடே செலுத்தினால், சிறிய நிலைத்த நீளமுடைய ஓர் எண் கிடைக்கின்றது. எஸ்.எச்.ஏ.-256 என்னும் முறையில் இது பதினறும எண்முறையில் 64 இலக்கங்கள் கொண்டது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் இவ்வெண் முற்றிலும் மாறிவிடும். ஆவணத்தைப் படியெடுத்த அன்றே இச்சரிபார்ப்பு எண்ணைப் பட்டியலிட்டு வைத்தால், ஐந்தாண்டு கழித்து இரு படிகள் முரண்படும்போது எது மூலத்தோடு ஒத்தது எனத் துணியலாம். இசட்.எப்.எஸ்., பி.டி.ஆர்.எப்.எஸ். ஆகிய கோப்பு முறைமைகள் இச்சரிபார்ப்பைத் தாமே செய்கின்றன. அவற்றின் ஆடி அமைப்பு, பிழையான படியை இனங்கண்டு நல்ல படியிலிருந்து திருத்திக்கொள்ளும். கணினியில் தேர்ச்சியுள்ளோர் அவற்றை நாடலாம். ஏனையோர் எளிய அணியோடு, கையால் எடுத்த சரிபார்ப்புப் பட்டியலையும் வைத்திருந்தால் போதுமானது. யாப்பைப் போலன்றி இவ்வெண், பிழை நேர்ந்தது என்பதை மட்டுமே கூறும். பிழை எந்த இடத்தில் என்பதைக் கூறாது. எனவே திருத்துவதற்கு நல்ல படி ஒன்று எங்கேனும் இருந்தாகவேண்டும்.

6. ஒரே வீடு என்னும் குறை

மூன்றாவது குறையே மிகப் பெரியது. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கை நோக்குவோம். ஒரு தட்டு ஓராண்டில் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று என வைத்துக்கொண்டால், இரண்டும் அதே ஆண்டில் இறக்கும் வாய்ப்புப் பத்தாயிரத்துக்கு ஒன்பது என எவரும் பெருக்கிக் கூறிவிடலாம். ஆனால் இப்பெருக்கல், ஒன்றன் இறப்பு மற்றதன் இறப்போடு தொடர்பற்றது என்னும் எடுகோளின்மேல் நிற்கின்றது. மடுல்கெல்ல வீட்டில் இரு தட்டுகளும் ஒரே பெட்டியுள், ஒரே மின்கம்பியில், ஒரே கூரையின்கீழ், ஒரே மலைச்சரிவில் உள்ளன. இடி ஒன்றே, தீ ஒன்றே, திருடனும் ஒருவனே. இவற்றின் முன் இரு தட்டும் ஒரு தட்டே.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை, மீரியாபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயங்களை உயிர்களோடு மூடியது. அங்கு உயிரிழப்பின் முன்னே தாள்களைப் பற்றிப் பேசுவது சிறுமையாகத் தோன்றலாம். ஆயினும் உயிர்தப்பியோர் மறுநாள் முதல் அடையாள அட்டையும், பிறப்புச் சான்றிதழும், சேமலாப நிதிப் பத்திரமும் இன்றி அலுவலகப் படிகளில் ஏறவேண்டியவராவர் என்பதனை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். மண்சரிவு அபாயம் கண்டி மாவட்ட மலைகளுக்கும் உண்டு.

மனிதர் மூட்டும் தீயும் உண்டு. 1981 மே 31ஆம் திகதி தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பது பரவலாகக் கூறப்படும் கணக்கு. வேறிடத்தில் படியுள்ள அச்சு நூல்களை மீண்டும் தேடிக்கொள்ள முடிந்தது. வேறெங்கும் படியில்லாத சுவடிகளையும் கையெழுத்துகளையும் எவராலும் மீட்க முடியவில்லை. அத்தீயில் எது பிழைத்தது என்பதைத் தீர்மானித்தது, அலமாரியின் உறுதியோ கட்டடத்தின் உயர்வோ அன்று. வேறோர் ஊரில் வேறொரு படி இருந்ததா என்பதே. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் ஆவணங்களையும் படியெடுத்து எல்லோருக்கும் திறந்துவைத்துள்ளமை, இப்படிப்பினையிலிருந்து பெறத்தக்க சிறந்த செயலுக்கு எடுத்துக்காட்டாகும். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக நூலகத்தார், பல நூலகங்கள் ஒரே ஆவணத்தின் படிகளை வைத்துக்கொண்டு தமக்குள் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளும் முறையொன்றை வகுத்ததும் இதே சிந்தனையின் வழியிலேயே.

ஆகவே மடுல்கெல்ல வீட்டின் ஆடி அணி மூன்று படிகளுள் முதலாவதாகவே கருதப்பட வேண்டும். இரண்டாவது படி, அதே ஊரில் வேறொருவர் வீட்டில், மாதம் ஒருமுறை மட்டும் கணினியில் பொருத்திப் பின் கழற்றி வைக்கும் புறத்தட்டாக இருக்கலாம். கழற்றி வைத்த தட்டை இடியும் நச்சுநிரலும் எட்டா. மூன்றாவது படி அம்மலைக்கும் அம்மாவட்டத்துக்கும் அப்பால், கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ நம்பிக்கைக்குரியோரிடம் இருத்தல் வேண்டும். இப்படிகள் திகதியிட்ட தனித்தனிப் படிகளாக அமைய வேண்டும். இரவுதோறும் முதற்படியைக் கண்மூடிப் பின்பற்றும் படி, முதற்படியின் பிழையையும் அழிவையும் ஒரு நாள் தாமதத்தோடு பின்பற்றுமேயன்றி வேறில்லை. ஆண்டுக்கொருமுறை ஒவ்வொரு படியிலிருந்தும் சில கோப்புகளைத் திறந்து, சரிபார்ப்புப் பட்டியலோடு ஒப்பிடவும் வேண்டும். மீட்டுப் பார்க்காத படி, படி என்னும் பெயருக்கு உரியதாகாது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. பழைய சஞ்சிகையும் துண்டுப்பிரசுரமும் எல்லோருக்கும் உரியவை. அவற்றைத் திறந்த நூலகங்களுக்கு அளிக்கலாம். ஒரு குடும்பத்தின் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் அக்குடும்பத்துக்கே உரியவை. அவற்றின் படிகளை மறைகுறியாக்கி வைப்பதும், மறைசொல்லை இருவரிடம் ஒப்படைப்பதும், எப்பொருட்டு வைக்கின்றோம் என்பதை விளக்கி அவர்தம் சம்மதத்தைப் பெறுவதும் வைத்திருப்போரின் கடமையாகும். பெயர்ப்பட்டியல்கள் இம்மக்களுக்கு எதிராகப் பயன்பட்ட வரலாற்றை நாம் அறிவோம். எண்ணிமப் படி மூலத் தாளுக்குச் சட்டப்படி ஈடாகாது என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். மூலத்தைத் தகரப் பெட்டியில் உலர்வாக வைத்திருத்தல் இன்னமும் தேவையே. ஆனால் மூலம் அழிந்துபோனால், பதிவிலக்கத்தையும் திகதியையும் காட்டிப் பதிவாளரிடம் மறுபிரதி கேட்பதற்கு அந்தப் படி வழிவகுக்கும்.

முடிவுரை

தட்டொன்றின் இறப்பு என்னும் ஒரேயொரு விபத்துக்கு ஆடி அணி மிகச் சிறந்த, மலிவான, எவரும் கற்றுக்கொள்ளத்தக்க விடையாகும். அவ்விபத்து அடிக்கடி நேர்வது. எனவே அவ்விடை வேண்டப்படுவதே. ஆனால் தவறிய கைக்கும், முரண்பட்ட பாடத்துக்கும், தீக்கும், மண்சரிவுக்கும் அது விடையன்று. ‘இரு தட்டில் இருக்கின்றது’ என்னும் ஆறுதலில் ஏனைய படிகளை எடுக்காது விடுவோமாயின், தட்டு ஒன்றே இருந்திருந்தால் கொண்டிருக்கக்கூடிய அச்சத்தையும் இழந்தவர்களாவோம்.

மலையக மக்களிடம் அரசுகள் பலமுறை தாளைக் கேட்டுள்ளன. தாள் இல்லாமையால் வந்த துன்பத்தை மூன்று தலைமுறையினர் அனுபவித்துள்ளனர். அத்தாள்களைக் காத்தல் அவ்வக் குடும்பத்தின் தனிச்சுமையாகவே இதுகாறும் இருந்துவந்துள்ளது. ஒரு தோட்டத்தின் ஆசிரியரும், சங்கத்தாரும், பல்கலைக்கழகம் சென்ற அத்தோட்டத்து மாணவரும் சேர்ந்து மூன்று படிகளை மூன்று இடங்களில் வைத்து, முறைவைத்துப் பார்த்துவருவாராயின் அச்சுமை பொதுப்பணியாகும். அதற்கு வேண்டிய பொருட்செலவு சிறிதே. வாரந்தோறும் அந்த ஒரு வரியைப் பார்த்து ஒப்பமிடும் கையே அதற்கு முதன்மையாக வேண்டப்படுவது.